அறியாது இட்ட சோறு



நல்லெண்ணத்தோடு செய்யும் செயல் யாவும் நற்செயலாகுமா? இக்கேள்விக்கு விடை எளிதென்று எண்ணுவார் பலர். உள்ளம் தூயதாயின் செயலும் தூயதே என்பர். எண்ணமே வினை எனப் பகவான் புத்தர் அருளியதையும் தமக்குத் துணையாகக் கொள்வர். யாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வாறே பேசியும் வந்தோம். எம்மை மாற்றி எண்ணச் செய்தது ஒரு தெருநாய். ஆதலின் அதன் கதையினின்றே தொடங்குகிறோம்.

ஆலை மூடப்பட்டுத் தறியோசை நின்றபின் தம்மப் பணிக்கு வந்தவர் யாம். எமது சங்கக் கட்டிடத்தின் வாயிற்படியில் ஒரு பெண் நாய் ஏழாண்டுக் காலம் வாழ்ந்தது. அதனை யாரும் கொண்டுவந்து வளர்க்கவில்லை. தானே வந்தது, தானே தங்கியது. ஞாயிறுதோறும் பாடம் கேட்க வரும் பிள்ளைகளோடு அதுவும் வந்து ஒரு மூலையில் படுத்துக்கொள்ளும்.

2016-ஆம் ஆண்டு வைசாகப் பௌர்ணமியன்று ஏறத்தாழ முந்நூறு பேருக்குச் சமைத்தோம். புளியோதரையும் பாயசமும் மிஞ்சின. நெய்யில் வறுத்த உலர்ந்த திராட்சையும் ஒரு தட்டு நிறைய மிஞ்சியது. "இன்று பகவானின் திருநாள், இவ்வாயில்லா உயிரும் வயிறார உண்ணட்டும்" என்று சொல்லி, எமது கையாலேயே மூன்றையும் கலந்து இட்டோம். அது வாலாட்டிக்கொண்டு உண்டது. கண்டு மகிழ்ந்தோம்.

அன்றிரவே வாந்தி எடுத்தது. மறுநாள் எழவில்லை. மூன்றாம் நாள் சிறுநீர் நின்றது. ஆட்டோவில் ஏற்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். "என்ன தின்றது?" என்று அவர் கேட்டார். யாம் சிறிது பெருமையோடே, "நல்ல சோறுதான் ஐயா, நெய்யில் வறுத்த திராட்சை போட்டது" என்றோம். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதை அன்றுதான் யாம் முதன்முதலில் கேட்டோம். ஐந்தாம் நாள் அது மாண்டது. கட்டிடத்தின் பின்புறம் புங்கமரத்தடியில் புதைத்தோம்.

புதைக்கையில் உடன் நின்ற சிறுமி ஒருத்தி, "மாமா, நாம் கொடுத்த சோறுதானே அது தின்றது? அப்படியானால் அதைக் கொன்றது யார்?" என்று கேட்டாள். முந்நூறு பேர் நடுவே பேசப் பழகிய எமக்கு, அவள் ஒருத்திக்குச் சொல்ல ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. அன்று சொல்லாத விடையைத் தேடியே இன்று இதனை எழுதுகிறோம்.

விடை தேடுவோர்க்குப் பகவானின் இறுதி நாட்களே வழி காட்டுகின்றன. பாவா நகரத்துக் கொல்லர் சுந்தர், பேரன்போடு பகவானுக்கு அமுது படைத்தார். அவற்றுள் சூகரமத்தவம் என்னும் உணவும் ஒன்று. அது யாது என்பதில் அறிஞர்கள் இன்றும் வேறுபடுகின்றனர். அவ்வாராய்ச்சி நமக்கு இங்கு வேண்டுவதில்லை. அவ்வுணவைத் தமக்கு மட்டும் இடுமாறும், பிற உணவுகளைப் பிக்குகளுக்கு இடுமாறும் பகவான் கூறினார். எஞ்சியதைக் குழி தோண்டிப் புதைத்துவிடுமாறும் பணித்தார். அதனைப் பிறர் எவராலும் செரிக்க இயலாதென்றார். அதன்பின் கடும் நோயுற்றுக் குசிநாரையில் பரிநிர்வாணம் எய்தினார். எய்துமுன் ஆனந்தரை அழைத்து, சுந்தரின் உள்ளத்தில் குற்றவுணர்வு எழுமாயின் அதனைப் போக்குமாறும், அவரிட்ட உணவு பெரும்பயன் உடையதே என அவருக்கு எடுத்துரைக்குமாறும் சொன்னார்.

இவ்வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் பின்னதையே சொல்வர். சுந்தர் குற்றமற்றவர் என்பதோடு நிறுத்திக்கொள்வர். யாமும் அந்நாயைப் புதைத்தபின் எமக்கு அவ்வாறே ஆறுதல் சொல்லிக்கொண்டோம். ஆயினும் அங்கே கட்டளைகள் இரண்டு உள்ளன. அறியாது இட்டவரைப் பழியாதே என்பது ஒன்று. எஞ்சியதைப் புதைத்துவிடு என்பது மற்றொன்று. உணவின் தன்மையை அறிந்தவர், "இட்டவர் அன்பர்தாமே, யாரும் உண்டு போகட்டும்" என்று விட்டுவிடவில்லை. அன்பரின் மனமும் நோகலாகாது, அவ்வுணவால் பிறிதோர் உயிரும் நோகலாகாது என இரண்டையும் ஒருங்கே காத்தார். குற்றம் சாராமை வேறு, கேடு விளையாமை வேறு. முன்னது எண்ணத்தைப் பொறுத்தது. பின்னது அறிவைப் பொறுத்தது.

தீமைக்கு வேர்கள் மூன்று என நம் தம்மம் கூறும்: ஆசை, வெறுப்பு, மயக்கம். முதலிரண்டும் இல்லாதவனைத் தூயவன் என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். மூன்றாவதாகிய மயக்கத்தை வேர் என்றே மதிப்பதில்லை. எம் கையில் ஆசையும் இல்லை, வெறுப்பும் இல்லை. மயக்கம் இருந்தது. அஃதொன்றே ஓர் உயிருக்குப் போதுமானதாயிற்று.

ஆலையில் கண்ட ஒன்றைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். நூற்கும் எந்திரத்தின் கதிருக்கு மெல்லிய எண்ணெய் வேண்டும். பல்சக்கரத்துக்குத் தடித்த எண்ணெய் வேண்டும். புதிதாய் வந்த இளைஞன் ஒருவன், கதிர்கள் நன்றாய் ஓடட்டுமே என்னும் ஆர்வத்தால் தடித்த எண்ணெயை அவற்றில் ஊற்றிவிட்டான். கதிர்கள் சூடேறின, நூல் அறுந்தது. மேஸ்திரி அவனை வையவில்லை. "தம்பி, உனக்கு எது நல்லதாய்ப் படுகிறதோ அதைப் போடாதே, எந்திரம் எதைக் கேட்கிறதோ அதைப் போடு" என்றார். உயிரற்ற இரும்புக்கே இவ்வறிவு வேண்டுமாயின், உயிருள்ள வயிற்றுக்கு எத்துணை வேண்டும்!

ஆகவே, நாயின் உடல் எதனைத் தாங்கும், எதனைத் தாங்காது என்பதை அறிதல் அறத்தின் ஒரு பகுதியே ஆகும். யாம் மருத்துவர் அல்லோம்; எமது தவற்றின்பின் கேட்டும் படித்தும் தெளிந்தவற்றைக் கூறுகிறோம்.

முதலாவது திராட்சை. பச்சையாயினும் உலர்ந்ததாயினும் அது நாயின் சிறுநீரகத்தைச் சிதைக்கவல்லது. எத்துணை உண்டால் கேடு என்பது நாய்க்கு நாய் வேறுபடுகிறது. ஆதலின் கேடற்ற அளவு இதுவென்று எவரும் உறுதி சொல்வதில்லை. காரணம் நெடுநாள் விளங்காதிருந்தது. 2021-ஆம் ஆண்டு அமெரிக்க விலங்கு நச்சு மருத்துவர்கள், திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாகலாம் என்றனர். அடுத்த ஆண்டில், புளியை உண்ட நாய்களுக்கும் அவ்வாறே சிறுநீரகம் கெட்டதை எழுதி வெளியிட்டனர். புளியிலும் அவ்வமிலம் மிகுதி. இதனைப் படித்தபோது எமக்கு உள்ளம் நடுங்கியது. யாம் அந்நாய்க்கு இட்டது திராட்சையும் புளியோதரையும் அல்லவா! நீலத் திராட்சைக்குப் பெயர் பெற்றது நம் பெங்களூர். புளியின்றி நம்மவர் அடுப்பில் உலை ஏறுவது அரிது. ஆதலின் இவ்விரண்டையும் நாம் சிறப்பாக நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இரண்டாவது வெங்காயமும் பூண்டும். இவை நாயின் குருதியிலுள்ள சிவப்பணுக்களை உடைக்கின்றன. உடல் எடையில் நூற்றில் அரைப்பங்கு வெங்காயம் ஒருவேளையில் உள்ளே சென்றாலே கேடு தோன்றலாம் என்பர்; 15 கிலோ எடையுள்ள நாய்க்கு அது 75 கிராம், அதாவது ஒரு நடுத்தர வெங்காயம். வேகவைத்தாலும் வறுத்தாலும் அந்நஞ்சு நீங்குவதில்லை. கேடு உடனே தெரிவதுமில்லை. சில நாள் கழித்தே ஈறு வெளுத்து, சோர்வு மிகுந்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகும். அதற்குள் இட்டவர் தாம் இட்டதை மறந்திருப்பார். சிவாஜிநகரிலும் பிரேசர் டவுனிலும் உணவுக்கடைகளின் பின்புறம் கொட்டப்படும் மசாலாச் சோற்றில் வெங்காயம் எவ்வளவு என்பதை நாம் அறிவோம்.

மூன்றாவது சாக்லேட்டு. அதிலுள்ள தியோபுரோமின் என்னும் பொருளை மனித உடல் விரைவில் வெளியேற்றிவிடும். நாயின் உடலில் அதன் பாதி நீங்கவே ஏறத்தாழ 17 மணி நேரம் ஆகிறது. ஆதலின் அது தங்கித் தங்கிச் சேர்ந்து, நெஞ்சைப் படபடக்கச் செய்து, வலிப்பில் கொண்டுவிடும். கறுத்த சாக்லேட்டு மிகக் கொடியது. காப்பித்தூளிலும் தேயிலையிலும் உள்ள காபீனும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. நான்காவது, சர்க்கரையில்லா மிட்டாயிலும் சூயிங்கத்திலும் சேர்க்கப்படும் சைலிட்டால் என்னும் இனிப்பு. நீரிழிவுள்ள மனிதருக்கு உதவும் இப்பொருள், நாயின் உடலில் இன்சுலினைப் பெருகச் செய்து, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் குருதிச் சர்க்கரையைப் பாதாளத்தில் இறக்கிவிடும், ஈரலையும் கெடுக்கும்.

இவையன்றி, வேகவைத்த கோழியெலும்பு சிம்பு சிம்பாய் உடைந்து குடலைக் குத்தும். பூஞ்சை பிடித்த சோறும் ரொட்டியும் நடுக்கத்தை உண்டாக்கும். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. தேநீர்க் கடை வாசலில் நாம் பரிவோடு உடைத்துப் போடும் பிஸ்கட்டு நஞ்சன்று. ஆயினும் அது மாவும் சர்க்கரையுமே, நாளெல்லாம் அதனையே உண்ணும் நாய்க்கு அது உணவாகாது. சோற்றைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து வீசினால், பசித்த நாய் பையையும் சேர்த்தே விழுங்கும்.

"பாட்டன் காலந்தொட்டு நாய் நம் மிச்சத்தைத்தானே உண்கிறது? எல்லாமா மாண்டுவிட்டன?" என்று கேட்பாரும் உளர். கேள்வி நியாயமானதே. நாய் நம் சோற்றுக்குப் பழகிய விலங்கு என்பது மெய். மாச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாயிடத்து இரண்டே படிகளாய் இருக்க, நாயிடத்து நான்கு முதல் முப்பது வரை பெருகியிருப்பதை 2013-ஆம் ஆண்டு அறிவியலார் கண்டறிந்தனர். நம்மோடு வாழ வந்து, நம் பானைக்கு ஏற்பத் தன் வயிற்றையே ஓரளவு மாற்றிக்கொண்ட உயிர் அது. வெறுஞ்சோறு அதற்குப் பொருந்தும். ஆனால் அம்மாற்றம் எல்லா உணவுக்கும் எட்டவில்லை. பாட்டன் வீட்டு மிச்சத்தில் கஞ்சியும் களியும் இருந்தன. சாக்லேட்டும் சைலிட்டாலும் இல்லை. மேலும், தெருநாய் நோயுற்றால் சாக்கடைப் பாலத்தடியில் ஒதுங்கிக் கிடந்து மாளும். எதனால் மாண்டது என்று யார் பார்த்தார்? எண்ணப்படாத சாவுகளை இல்லாத சாவுகளென்று கொள்ளல் ஆகாது.

வேறொரு கேள்வி இதனினும் கூரியது. எமது சொற்பொழிவொன்றின் முடிவில் முதியவர் ஒருவர் எழுந்து, "ஐயா, நாய் குடித்த குளத்தில் நம்மைத் தண்ணீர் குடிக்கவிடாத நாடு இது. நாயினும் கீழாய் நடத்தப்பட்ட நாம், நாய்க்கு என்ன சோறு இடுவது என்று ஆராய்ந்துகொண்டிருப்பதா?" என்றார். அவர் சொன்னது வரலாறு. 1927-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள் மகாடு நகரத்துச் சவுதார் குளத்தில் இறங்கி அண்ணல் அம்பேத்கர் நீர் பருகியது அதற்காகவே. அவ்வலியை நாம் மறக்கலாகாது. மறக்கச் சொல்லவும் எமக்கு உரிமையில்லை.

ஆயினும் அம்முதியவருக்கு யாம் சொன்னது இது. எட்டி நின்று கையில் ஊற்றப்படும் சோறு எத்தகையது என்பதை நம் பாட்டிமார் அறிவர். ஊசிப்போனதை, எச்சிலை, தமக்கு வேண்டாததைக் கொல்லைப்புற வழியே இட்டுவிட்டு, அதனைத் தருமம் என்று சொல்லிக்கொண்டவர்களையும் அவர்கள் அறிவர். உயர்ந்தோர் அல்லாதார் ஈயும் முறையைப் பகவான் அங்குத்தர நிகாயத்தில் ஐந்து வகையாகக் கூறுகிறார்: கருத்தின்றி ஈதல், மதிப்பின்றி ஈதல், தன் கையால் ஈயாமை, எறிதற்குரியதை ஈதல், பயனை நோக்காது ஈதல். இவ்வைந்தையும் நம் முன்னோர் ஏட்டில் படிக்கவில்லை. தம் கைகளில் ஏந்தினர். அவ்வாறு ஏந்திய கையே பிறிதோர் உயிருக்கு ஈயும் இடத்துக்கு வரும்போது, தான் பெற்ற முறையிலேயே ஈயலாமா? நாயைக் குற்றம் சாட்டுவதில் பொருளில்லை. நம்மைக் குளத்தினின்று விரட்டியது நாயன்று.

மூன்றாவது கேள்வி தாய்மாருடையது. "குழந்தையைக் கடிக்கும் நாய்க்குச் சோறு எதற்கு?" என்பர். இதனையும் தள்ளிவிடுதற்கில்லை. இந்நகரில் 2023-ஆம் ஆண்டு எடுத்த கணக்கின்படி தெருநாய்கள் ஏறத்தாழ 2 இலட்சத்து 79 ஆயிரம். 2007-ஆம் ஆண்டு இங்கே குழந்தைகள் இருவர் தெருநாய்களால் மாண்டனர். அதன்பின் நாய்கள் கூட்டங்கூட்டமாய்ப் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டன. வெறிநாய்க்கடி நோய் முற்றி வெளிப்பட்டபின் பிழைத்தல் மிக அரிது. கடிபட்ட இடத்தை உடனே சவுக்காரமும் ஓடும் நீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவித் தடுப்பூசிக்கு விரைவதே உயிர் காக்கும் வழி. காரில் செல்வோரினும் நடந்து செல்வோரே கடிபடுகின்றனர். அவர்கள் பெரும்பாலும் ஏழைகள். கருணை நாயோடு நின்று குழந்தையை மறக்குமாயின் அதுவும் மயக்கமே.

குக்குர ஜாதகத்தை இங்கே நினைவுகூர்வோம். அரசனது தேரின் தோல்வார்களை நாய்கள் கடித்துத் தின்றுவிட்டன. நகரத்து நாய்கள் யாவும் கொல்லப்படுக என்று ஆணை பிறந்தது. அரண்மனை நாய்களுக்கு மட்டும் விலக்கு. நாயாய்ப் பிறந்திருந்த போதிசத்துவர் அவைக்கு வந்து, இது நீதியன்று எனக் கூறி, அரண்மனை நாய்களுக்கு மோரும் தருப்பைப் புல்லும் கலந்து ஊட்டச் செய்தார். அவை தோல் துணுக்குகளைக் கக்கின. ஊரார் நாய்களின் உயிரைக் காத்தது வெறும் இரக்கமன்று. நாயின் வயிறு எதற்கு எவ்வாறு நடந்துகொள்ளும் என்னும் அறிவு. ஆராயாது கொல்லுதலுக்கும் ஆராயாது இடுதலுக்கும் மருந்து ஒன்றே என்பது எமது துணிபு.

நாட்டின் சட்டமும் இன்று இதனையொட்டியே நிற்கிறது. உச்சநீதிமன்றம் 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் இட்ட ஆணையில், கருத்தடையும் தடுப்பூசியும் செய்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. வெறிநோயுள்ளவற்றையும் மூர்க்கமானவற்றையும் விலக்கியது. உணவிடுதல் கண்ட கண்ட தெருவில் ஆகாது, குறித்த இடங்களிலேயே ஆகும் என்றது. அதே ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், இரயில் நிலையம் முதலிய இடங்களினின்று நாய்களை அகற்றுமாறு பணித்தது. அவ்வாண்டு ஜூலையில் அன்றைய பெங்களூர் பெருநகர மாநகராட்சி, நாள்தோறும் 5,000 தெருநாய்களுக்கு உணவிட 2.88 கோடி ரூபாயில் ஒரு திட்டத்தை அறிவித்தது. ஒரு நாய்க்குக் கோழியிறைச்சி 150 கிராம், அரிசி 100 கிராம், காய்கறி 100 கிராம் எனக் கணக்கிட்டது. அச்செலவு தகுமா என்று ஊரார் வாதிட்டனர். அவ்வாதத்துள் யாம் புகவில்லை. நாய்க்கு இடுவதையும் நிறுத்து அளந்து எழுதவேண்டும் என்னும் எண்ணம் அரசாங்க ஏட்டிலேயே வந்துவிட்டதை மட்டும் சுட்டுகிறோம். இவ்வெண்ணம் புதிதுமன்று. அசோக மன்னர் தமது இரண்டாம் பாறைக் கல்வெட்டில், சோழ பாண்டிய நாடுகள் உட்பட எங்கும் மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம் அமைத்ததையும், மூலிகை இல்லாத இடங்களுக்கு அவற்றைக் கொணர்ந்து நட்டதையும் கூறுகிறார். அவர் இரங்கியதோடு நிற்கவில்லை. எந்நோய்க்கு எம்மூலிகை என்று அறிந்தாரைக் கொண்டு செய்வித்தார்.

மஜ்ஜிம நிகாயத்தில் சேனியர் என்னும் துறவி ஒருவர் வருகிறார். நாயைப்போல் வாழ்தலையே நோன்பாகக் கொண்டு, தரையில் இட்டதையே உண்டு வந்தார். இதனால் என்ன பேறு கிட்டும் என்று கேட்க, பகவான் தயங்கித் தயங்கி, நாயின் வாழ்வைப் பழகினால் நாயோடு பிறப்பதே கிட்டும் என்றார். சேனியர் அழுதார். அவர் நாயின் உணவைத் தம் உணவாகக் கருதினார். நாமோ நம் உணவை நாயின் உணவாகக் கருதுகிறோம். இரண்டும் ஒரே பிழை. பிறிதோர் உயிரைப் பிறிதோர் உயிராகவே காணாத பிழை அது. நமக்கு இனிப்பது அதற்கும் இனிக்கும் என்பது மெய்யாயிருக்கலாம். நமக்கு நலம் பயப்பது அதற்கும் பயக்கும் என்பது மெய்யன்று.

எனவே அன்பர்கள் இவற்றை நெஞ்சிற் கொள்வாராக. இட விரும்பினால் வெறுஞ்சோறும், மசாலாவும் வெங்காயமும் இன்றி வேகவைத்த எலும்பில்லா இறைச்சியோ முட்டையோ இடுக. தூய நீர் வைக்க. குழந்தைகள் விளையாடுமிடத்தும் வழிநடையிலும் இடாது, குறித்த இடத்தில் குறித்த நேரத்தில் இட்டு, இடத்தைத் துப்புரவு செய்க. உணவிடும் நாய்க்குத் தடுப்பூசியும் கருத்தடையும் நடந்தனவா என்று பார்ப்பதையும் உம் தானத்தின் பகுதியாகக் கொள்க. விழாவில் மிஞ்சிய புளிச்சோற்றையும் பாயசத்தையும் மனிதர் உண்ண இயலுமாயின் பொழுதோடு மனிதருக்குக் கொடுத்துவிடுக. இயலாதாயின் மண்ணில் புதைத்துவிடுக. பகவான் காட்டிய வழி அது. ஆகாததை நாய் உண்டுவிட்டதாக அறிந்தால், நோய் தோன்றட்டும் என்று காத்திராது அப்பொழுதே மருத்துவரிடம் செல்க. உண்டது இன்னதென்று மறைக்காது சொல்க.

புங்கமரத்தடியில் எம்மைக் கேட்ட அச்சிறுமி இன்று கல்லூரியில் பயில்கிறாள். சென்ற வைசாக விழாவில் அவளே சமையலறை வாயிலில் நின்று, மிச்சத்தைத் தெருவில் கொட்டப்போன இளைஞர்களைத் தடுத்துக் குழி தோண்டச் செய்தாள். அவளது கேள்விக்கு எமது விடை இதுவே: அந்நாயைக் கொன்றது எமது அறியாமை. அன்று அதற்காக எம்மைப் பழிப்பார் இலர்; சுந்தரைப் பகவான் பழிக்காதது போல. இன்று அறிந்துவிட்டோம். இனி இவ்வாறு ஒன்று நேருமாயின், அறியாதவர் என்னும் அடைக்கலம் எமக்கு இல்லை. இதனைப் படித்த உங்களுக்கும் இல்லை.

எல்லா உயிரும் நலமுறுக.